கம்ப்ரஸர் போயிடுச்சு

கடையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்ததும் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையைக் கம்ப்ரஸர் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். உள்ளே என்ன கோளாறு என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், சும்மாவா! என்ன, தெரிந்ததை அப்படியே வாய் திறந்து சொல்லிவிட அந்தக் கடையில் யாருக்கும் அனுமதி இல்லை.

வெயில் காலத்துக்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஏணி போடுவது. ஏசி குளிரவில்லை என்று ஒரு வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பத்தில் ஆறு வீட்டில் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். சின்ன டம்ளர் அளவில் ஒரு வெள்ளி டப்பா அது. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. சூடு தாங்காமல் வயிறு உப்பிச் செத்துப்போகும். விலை நானூறு, மாற்றுவதற்குப் பத்து நிமிஷம். நானூறுக்காக ஓர் ஆளை வண்டியில் அனுப்பினால் கட்டுப்படியாகுமா என்று முதலாளி கேட்பார். அதனால் மெக்கானிக்கின் வாயிலிருந்து முதலில் வரவேண்டிய வார்த்தை "கம்ப்ரஸர் போயிடுச்சு." அதற்கு விலை பதினெட்டாயிரம். வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "யோசிச்சுச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். சாயந்திரத்துக்குள் போன் வரும். "என்ன சார், கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா?" அந்த வார்த்தை வந்த பிறகுதான் படிப்படியாக இறங்க வேண்டும். பழசையே சரிபண்ணிப் பார்க்கிறேன், காஸ் ஏற்றிப் பார்க்கிறேன் என்று இழுத்து, நாலாயிரத்தில் வந்து நிற்கும்போது வீட்டுக்காரருக்குப் பதினாலாயிரம் மிச்சம் பிடித்த சந்தோஷம். கையைப் பிடித்து நன்றிகூடச் சொல்வார். மாற்றியது என்னவோ அதே வெள்ளி டப்பாதான்.

இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருத்தர் ஏற்றிச் சொல்வதும் இன்னொருத்தர் இறக்கிக் கேட்பதும் உலகத்தில் இல்லாததா? விதி ஒன்றே ஒன்றுதான். இறங்கச் சொல்லி எதிராளி கேட்க வேண்டும். மெக்கானிக் தானாக இறங்கினால், அப்போ முதலில் சொன்னது புளுகா என்று சட்டையைப் பிடித்துவிடுவார்களே! போன வருஷம் டாக்டர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் மனசு கேட்காமல் உள்ளதைச் சொல்லி நானூறு மட்டும் வாங்கி வந்தார். முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. மாசக் கடைசியில் சம்பளத்திலிருந்து மூவாயிரத்து அறுநூறைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு டாக்டரின் மனசு ஒழுங்காகச் சொன்ன பேச்சைக் கேட்டது.

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு ஒன்பது வீடு. வெளியே துவைத்துப் போட்ட துணி காயாத மாதிரி ஒரு வெயில். காற்றில் ஈரம் கனத்துக் கிடந்தது, மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. ஆறாவது வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. பையையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும் போலிருந்தது.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பதுக்குள் வயசு. கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு காஜா மெஷின் நின்றது. பக்கத்தில் மூட்டை மூட்டையாகச் சட்டைகள். சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பொத்தான் ஓட்டை போட்டுக் கொடுக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வாங்கண்ணா. காலையிலேர்ந்து உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கோம்."

உள் அறையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. "அக்கா, பேச்சை அப்புறம் வெச்சுக்க. முதல்ல கதவைச் சாத்து. குளிர் வெளியே போகுது."

"குளிர் எங்கடா இருக்கு போறதுக்கு?" என்றாள் அவள்.

"இல்லைன்னா என்ன, சொல்லிப் பழகிப்போச்சு."

அறைக்குள் கட்டிலில் ஒரு முப்பது வயசுக்காரன் படுத்திருந்தான். தலை மட்டும்தான் அசைந்தது. கழுத்துக்குக் கீழே விரித்த வெள்ளைத் துணி, அதன் மேல் ஈரத் துண்டு. சுவரில் ஏசியின் உள்பெட்டி வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பால்கனி, அதில் வெளிப்பெட்டி.

"பெயிண்ட் அடிக்கிற வேலைண்ணா இவனுக்கு" என்று அக்காக்காரி சொன்னாள். "சாரத்துலேர்ந்து விழுந்து மூணு வருஷமாச்சு. கான்ட்ராக்டர் அவர் ஆபீஸ்ல இருந்த பழைய ஏசியைக் கழட்டி மாட்டிக் கொடுத்துட்டு, இதோட ஆளை விடுங்கன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு."

"நல்ல மனுஷன்" என்றான் தம்பி. "பெரிய ரூமுக்குப் புது ஏசி வாங்கணும்னு அவரும் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தாரு."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள். "இவனுக்கு வேர்க்காதுண்ணா. கழுத்து நரம்பு போனதால வேர்க்கவே வேர்க்காது. நமக்கெல்லாம் வேர்த்தா உடம்பு ஆறிடும். இவனுக்குச் சூடு உள்ளேயே நின்னுடும். ரூம் எப்பவும் குளிரா இருக்கணும், இல்லைன்னா உசுருக்கே ஆபத்துன்னு ஆஸ்பத்திரியில எழுதியே கொடுத்திருக்காங்க. முந்தாநேத்துலேர்ந்து ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்கேன்."

"வேர்வை சிந்தாம சாப்பிடுற ஒரே ஆள் இந்த வீட்டுல நான்தான் சார்" என்றான் அவன்.

இதையெல்லாம் டாக்டர் காதால் கேட்டார், நன்றாகவே கேட்டார். அப்புறம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

பால்கனிக்குப் போய் வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினார். காற்றாடி சுற்றியது, கம்ப்ரஸர் மட்டும் கிளம்ப முடியாமல் முனகிவிட்டு 'டக்'கென்று நின்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் காது கொடுத்தார். கம்ப்ரஸருக்கு ஒரு குறையும் இல்லை. பழைய சரக்கு, கல்லு மாதிரி இருந்தது. ஓரத்தில் அந்த வெள்ளி டப்பா வயிறு உப்பிக்கொண்டு நின்றது. அதே அளவில் புதுசு ஒன்று அவர் பையிலேயே இருந்தது. பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கை அழுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். கடையிலிருந்து முதலாளி. "டாக்டர், முடிஞ்சுதா? இன்னும் மூணு வீடு காத்துட்டு இருக்கு."

ஜன்னலுக்குள் தம்பிக்காரனுக்கு ஒரே குஷி. "அக்கா! பார்த்தியா, டாக்டரே வீட்டுக்கு வந்திருக்காரு. நெஞ்சுல குழாய் வெச்சுப் பார்க்கும்போதே நினைச்சேன். என்ன டாக்டர், பேஷண்ட் பிழைச்சுக்குவாரா?"

டாக்டர் மூடியை மாட்டினார். அறைக்குள் வந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். வாயிலிருந்து அது தானாக வந்தது, இருபத்திரண்டு வருஷமாக அந்த வாய் அப்படித்தான் பழகியிருந்தது.

"கம்ப்ரஸர் போயிடுச்சும்மா."

"அப்படின்னா?"

"அதுதான் மெயினு. புதுசு போடணும். பதினெட்டாயிரம் ஆகும்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். டாக்டர் காத்திருந்தார். இப்போது கேட்பாள். "ஐயோ அவ்ளோவா"ன்னு ஒரு வார்த்தை, "குறைச்சுப் பண்ணக்கூடாதா"ன்னு ஒரு வார்த்தை. கேட்டால் போதும், அங்கேயே இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தார். நாலாயிரம்கூட வேண்டாம், இரண்டாயிரத்தில் நிற்கலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. கேளேன் அம்மா, கேட்டுத் தொலையேன் என்று உள்ளுக்குள் அவர் கிடந்து தவித்ததை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் தவிப்பை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய?

அவள் டேப்பை மெஷின் மேல் வைத்தாள். "சரிண்ணா. நீங்க பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "பணம் புரட்டணும். ஒரு ரெண்டு மூணு நாள் ஆகும்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். "பேசிக்கலாம்."

அந்தப் 'பேசிக்கலாமை' அவர் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். அவளோ அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு தலையாட்டினாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்துபோன கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். அதற்கும் ஒரு நன்றி சொன்னாள்.

படி இறங்கும்போது அவர் போட்ட கணக்கைச் சொல்கிறேன், காறித் துப்பத் தோன்றினால் துப்பிக்கொள்ளுங்கள். வேர்க்காத உடம்பு, குளிர் இல்லாமல் முடியாது, அதனால் இவள் மற்றவர்கள் மாதிரி இரண்டு நாள் இழுக்க மாட்டாள், இன்று சாயந்திரமே போன் வந்துவிடும். அவர் போட்ட கணக்கு அதுதான்.

சாயந்திரம் போன் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு வீடு. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் டாக்டர் ஏணியிலிருந்து இறங்கி எடுத்தார். எல்லாம் வேறு யாரோ. இரவு சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"யார்கிட்டேர்ந்து வரணும்? புதுசா யாராவது கிடைச்சிருக்காங்களா?" என்றாள் அவர் மனைவி, விசிறியால் தனக்கும் அவருக்கும் சேர்த்து வீசிக்கொண்டே. ஊர் முழுக்கக் குளிரப் பண்ணுகிறவர் வீட்டில் ஏசி கிடையாது, அது அந்தத் தெருவுக்கே பழைய கேலி.

"ஒரு கஸ்டமர். கம்ப்ரஸர் கேசு."

"வராட்டி விடுங்களேன். வேற ஆளை வெச்சுப் பார்த்திருப்பாங்க."

அந்த வார்த்தையில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. வேறு ஆள் வந்திருப்பான், டப்பாவை மாற்றியிருப்பான், நம்மைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு பிடி சோறு சாப்பிட்டார்.

புதன்கிழமை காலையில் நிம்மதி போய்விட்டது. கடையில் ஷட்டரைத் தூக்கியதுமே முதலாளியிடம் போனார்.

"அந்தக் காஜா மெஷின் அம்மா வீடு, மூணாவது மாடி. நான் ஒரு போன் போட்டுக் கேட்கவா?"

முதலாளி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன டாக்டர், புதுசா வேலைக்குச் சேர்ந்த மாதிரி பேசுறீங்க? நாம கூப்பிட்டா ஏணி சரிஞ்சுடும். புழுங்குற புழுக்கத்துல தானா வருவாங்க."

"உடம்பு முடியாத ஆள் ஒருத்தர் இருக்காரு அங்க."

"அப்ப இன்னும் சீக்கிரம் வருவாங்க" என்றார் முதலாளி. டாக்டருக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை தான் படியில் போட்ட அதே கணக்கு இந்த ஆளின் வாயில் கேட்க எவ்வளவு அசிங்கமாக இருந்தது!

அன்றைக்கும் பதினொரு வீடு. அவள் வீட்டுத் தெருவைத் தாண்டி இரண்டு தடவை போனார். நிறுத்தியிருக்கலாம். வண்டியை ஓரங்கட்டி, மூன்று மாடி ஏறி, பத்து நிமிஷம். என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது என்று தெரியாமல் இரண்டு தடவையும் தாண்டிப் போய்விட்டார். அட மனுஷா, எதையாவது சொல்லியிருக்கலாமே! மறுபடி பார்த்தேன், சின்னக் கோளாறுதான் என்று இன்னொரு புளுகைச் சொல்லியிருந்தால்கூடப் புண்ணியமாகப் போயிருக்கும். இதை அவர் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை கடைக்குப் போகவில்லை. கெப்பாசிட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சம்பளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளட்டும், இன்றைக்கு அதை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு பண்ணி நேராக அந்த வீட்டுக்கு வண்டியை விட்டார்.

கீழே வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. மேலே படிக்கட்டு நெடுகிலும் ஆட்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள்.  டாக்டர் இரண்டாம் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே நின்ற கீழ்வீட்டுக்காரர், முடி நரைத்த மனிதர், அவரைப் பார்த்துத் தானாகவே பேசினார்.

"நேத்து மத்தியானம்ங்க. ஏசி ரிப்பேராம். கம்ப்ரஸரோ என்னவோ, பதினெட்டாயிரம்னுட்டாங்களாம். பாவம், மெஷினை வித்துடலாம்னு ஆளைக் கூட்டிட்டு வந்து வண்டியில ஏத்தி அவளும் கூடவே போயிருக்கா. தம்பிக்கு நாலு ஈரத்துணி போட்டு, ஃபேனை வெச்சுட்டு, என் பொண்டாட்டியை ஒரு எட்டு பார்த்துக்கச் சொல்லிட்டுத்தான் போனா. போன இடத்துல மூணு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க. என் பொண்டாட்டி போய்ப் பார்க்கும்போது தூங்குறான்னு நினைச்சு வந்துட்டா. இவ வந்து தொட்டுப் பார்த்தா, போட்ட துணியெல்லாம் கொதிச்சுக் கிடக்கு. இஸ்திரிப் பெட்டி மாதிரி உடம்பு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு."

 சட்டைப் பையில் அந்த டப்பா கனத்தது.

"நீங்க யாரு? சொந்தமா?"

"ஏசி மெக்கானிக்" என்றார். 

கீழ்வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அட, நல்லதாப் போச்சு. வாங்க, வாங்க. மூத்த அண்ணன் ஒருத்தர் தூரத்துல வேலை பார்க்கிறாரு. நாளைக்குக் காலையிலதான் வந்து சேருவாரு. அதுவரைக்கும் உடம்பை வெச்சிருக்கணும். இந்த வெயில்ல எப்படிங்க? ஒரே ஒரு நாளைக்கு அந்த ஏசியை எப்படியாவது ஓட வெச்சுக் கொடுங்க."

இழுத்துக்கொண்டே மேலே போனார். கூடத்தில் மெஷின் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. தரையில் அதன் நாலு கால் பதிந்த தடம் மட்டும் இருந்தது. உள் அறைக் கதவு திறந்திருந்தது. அதே கட்டில், அதே வெள்ளைத் துணி. இப்போது முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள். அக்காக்காரி தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உட்காரும்மா" என்று கீழ்வீட்டுக்காரர் கையமர்த்தினார். "இவர் ஏசிக்காரர். எப்படியாவது ஒரு நாளைக்கு..."

"ஐயோ, வேணாங்க" என்றாள் அவள். அழுது அழுது குரல் கரகரத்துப் போயிருந்தது. "அவரைச் சங்கடப்படுத்தாதீங்க. அவர் அன்னைக்கே நல்லாப் பார்த்துட்டுச் சொல்லிட்டாரு. கம்ப்ரஸர் போயிடுச்சு, புதுசு போடாம ஓடாது. வந்ததுக்குக் கூலிகூட வாங்கல." அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பினாள். "பேசிக்கலாம்னீங்க, ஒரு போன்கூடப் பண்ணலைன்னு நினைச்சுக்காதீங்கண்ணா. பணம் நேத்துதான் கைக்கு வந்துச்சு. நீங்க சொன்ன அன்னைக்கே கடன உடன வாங்கிப் போட்டிருக்கணும். நான்தான் லேட் பண்ணிட்டேன். என் தப்புதான்."

டாக்டர் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவளே வழி விட்டுவிட்டாளே! "ஆமாம்மா, ஓடாது" என்று ஒரு வார்த்தை சொல்லி, இரண்டு நிமிஷம் தலை குனிந்து நின்றுவிட்டு இறங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவள் கடைசிவரைக்கும் தன் தப்பு என்றே நினைத்திருப்பாள். இவரைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகக்கூடச் சொல்வாள். ஏசியை ஓட வைத்தால்தான் வினை. கம்ப்ரஸர் என்பது ஒரு ஆள் தூக்கமுடியாத இரும்பு. அதை மாற்றக் குழாயை அறுத்து ஒட்டி அரை நாளாகும். வெறும் டூல்ஸ் பையோடு வந்தவர் பத்து நிமிஷத்தில் ஓட வைத்தால் சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

அறையில் புழுக்கம் தாங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே யாரோ ஒரு பாத்திரத்தில் ஐஸ் வைத்திருந்தார்கள், அது முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது. வெள்ளைத் துணி மேல் ஓர் ஈ உட்கார்ந்தது. அவள் கையை வீசி ஓட்டினாள். அது சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தது. மறுபடி ஓட்டினாள்.

டாக்டர் பால்கனிக்குப் போனார்.

மூடியைக் கழற்றினார். இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்க்ரூ கைநழுவியதில்லை, அன்றைக்கு இரண்டு விழுந்தது. உப்பிய டப்பாவைக் கழற்றிக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து புதுசை எடுத்தார். மூன்று ஒயர், ஒரு கிளிப். மாட்டிவிட்டு சுவிட்சைப் போடச் சொல்லிக் கீழ்வீட்டுக்காரருக்குக் கை காட்டினார்.

முதலில் காற்றாடி சுற்றியது. அப்புறம் கம்ப்ரஸர் எந்த முனகலும் இல்லாமல் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டு ஓடியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளே வெள்ளைத் துணியின் ஓரம் மெல்ல ஆடியது. "அடடா, குளிருதே!" என்று கீழ்வீட்டுக்காரர் சத்தமாகச் சொல்லிவிட்டு, சந்தோஷப்படக் கூடாத இடத்தில் சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டார். அக்காக்காரி எழுந்து நின்றாள். ஏசிக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தாள். அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக டாக்டரைப் பார்த்தாள். பிறகு பால்கனிக்கு வந்தாள். தரையில் கிடந்த பழைய டப்பாவைக் குனிந்து எடுத்தாள்.

"இது என்னண்ணா?"

"கெப்பாசிட்டர்."

"இதுதான் போயிருந்துச்சா?"

  "ஆமாம்மா. கம்ப்ரஸர் போகல. அன்னைக்கே போகல. நான் பொய் சொன்னேன்."

 அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எவ்ளோ?"

"நானூறு."

"அன்னைக்கு உங்ககிட்ட இருந்துச்சா இது?"

"பையிலேயே இருந்துச்சு."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் அவருக்கு நல்லாயிருந்திருக்கும். செருப்பால் அடித்தாலும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கத் தயாராகத்தான் இருந்தார். அவளுக்கு ஏதோ ஒன்று புரியவில்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன் என்கிற மாதிரி நின்றாள்.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றதும்மா. முதல்ல ஏத்திச் சொல்வோம். அவங்க குறைக்கச் சொல்லுவாங்க. குறைப்போம். நீங்களும் கேட்பீங்கன்னு..." துணியில் கையைத் துடைத்தார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே மாட்டிட்டுப் போயிருப்பேன்மா. சாயந்திரம் போன் வரும்னு பார்த்துட்டே இருந்தேன்."

"குறைக்கச் சொல்லிக் கேட்கணுமா?" என்றாள் அவள். "எனக்குத் தெரியாதேண்ணா. மூணு வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இவனைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன். இந்த ஊசி போடணும்பாங்க, இந்த ஆபரேஷன் பண்ணணும்பாங்க, இவ்ளோ கட்டுங்கம்பாங்க. கட்டிடுவேன். உசுரு விஷயத்துல யாராவது பேரம் பேசுவாங்களா? நீங்க காது வெச்சுப் பார்த்துட்டுச் சொன்னீங்க. நான் அதையும் அப்படித்தான் நினைச்சேன்."

டாக்டர் அழுதார். நாற்பத்தைந்து வயசு ஆள், ஊரார் பார்க்கப் பால்கனியில் நின்று முகத்தை அழுக்குத் துணியால் மூடிக்கொண்டு அழுதார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் கவரை எடுத்து வந்தாள். மெஷின் விற்ற பணம். அதிலிருந்து நாலு நூறு ரூபாய் நோட்டை எண்ணி உருவி நீட்டினாள்.

"வேணாம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன், வேணாம்."

"புடிங்க" என்றாள். "இதுல குறைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன்."

அவர் கை நீட்டவில்லை. அவள் நாலு நோட்டையும் அவர் சட்டைப் பையில், டப்பா இருந்த அதே பையில், திணித்தாள். போய்த் தம்பியின் தலைமாட்டில் முன்பு மாதிரியே உட்கார்ந்துகொண்டாள். ஈ போய்விட்டிருந்தது.

டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு கட்டிலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தார். பின்னால் அவள் குரல் கேட்டது. யாரிடம் சொல்கிறாள் என்று முதலில் அவருக்கு விளங்கவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. குளிர் வெளியே போகுது."

கதவைச் சாத்தினார். கீழே வந்து வண்டியை எடுக்கும்போது போன் அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. இன்னும் பத்து வருஷத்துக்கு ஓடும்.